புத்தகத்தோடு தேசப்படமும் இரவல் தாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பொது நூலகங்களை நடத்தும் உள்ளூராட்சி சபையினருக்கு,

வணக்கம். நான் கல்லடியில் இருக்கிறேன். தங்கையின் மகள் எங்களோடுதான் வளர்கிறாள். தாய் கட்டாரில் வேலை செய்கிறாள். "பெரியம்மா, கட்டார் எங்க இருக்கு?" என்று பிள்ளை ஒருநாள் கேட்டாள். வீட்டில் கிடந்த ஆசியாப் படத்தைக் கோதுமை மாப் பசையால் மட்டையில் ஒட்டி, எல்லை வழியே கத்தரித்துக் கொடுத்தேன். சவூதியின் விலாவிலிருந்து பெருவிரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் கட்டாரை வெட்டத்தான் கஷ்டப்பட்டேன். அவள் அதைத் தூக்கி இலங்கையின் மேல் வைத்துப் பார்த்தாள். "நம்மட நாட்டுக்குள்ள அஞ்சு கட்டார் அடங்கும்" என்றாள். கணக்குச் சரி: இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர், கட்டார் சுமார் 11,600. தாய் அழைத்தால் அங்கே என்ன நேரம் என்று இப்போது அவள் கேட்பதில்லை. நம் மணிக்கூட்டில் இரண்டரை மணித்தியாலம் கழித்துத் தானே சொல்லிவிடுவாள்.

இது புது யோசனையும் இல்லை. 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்பவர், பிள்ளைகள் புவியியல் படிப்பதற்கென்றே தேசப்படங்களைப் பலகையில் ஒட்டி அறுத்து விற்றார்.

எங்கள் வீட்டில் இன்னொரு விளையாட்டும் உண்டு. கல்லடியில் விரலை வைத்து நேர் கிழக்கே இழுக்க வேண்டும். வங்காள விரிகுடாவைக் கடந்து, நிக்கோபார் தீவுகளுக்கிடையே புகுந்து, தாய்லாந்தின் புக்கெட் பக்கம் விரல் கரையேறும். சற்றுத் தெற்கே இறங்கினால் சுமாத்திரா. 2004 டிசம்பர் 26 அன்று அந்தப் பக்கமிருந்துதான் கடல் புறப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் நம் வாசலுக்கு வந்தது. அதே நாளில் புக்கெட்டின் மை காவ் கடற்கரையில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துப் பிள்ளை கடல் நுரைத்த விதத்தைக் கண்டு, இது சுனாமி என்று பெற்றோரிடம் சொன்னாள். இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது அது. அங்கிருந்தவர்கள் கரையை விட்டு விலகித் தப்பினார்கள். கடலை முற்றத்தில் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அதன் மறுகரை தெரிய வேண்டாமா?

புலமைப்பரிசில் வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணித்தியாலம் போதும். ஆனால் இப்படித் துண்டு துண்டாய் வெட்டிய படங்களைக் கடையில் வாங்க எல்லா வீட்டுக்கும் கட்டாது, அதுதான் என் கவலை. ஆகவே கேட்கிறேன்: சிறுவர் பகுதியில் இலங்கை, ஆசியா, ஆபிரிக்கா, உலகம் என்று நாலு படமாவது துண்டுகளாக வையுங்கள். பெயர்கள் தமிழில் இருக்கட்டும். ஊர்த் தச்சரிடம் கொடுத்தால் பிளைவூட்டில் அறுத்துத் தருவார். புத்தகம் போலவே வீட்டுக்கு இரவல் கொடுங்கள்.

துண்டு தொலையுமே என்று தயங்க வேண்டாம். எங்கள் கட்டாரும் ஒருமுறை தொலைந்தது. சவூதிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை மட்டையில் வரைந்து, அவளே வெட்டிப் போட்டாள். இப்போது படத்தைப் பார்க்காமலே கட்டாரை வரைகிறாள்.

இப்படிக்கு,
கல்லடி வாசகி ஒருத்தி