நுனிப்புல் மேய்ந்தால் போதாது

ஆசிரியருக்கு,

சுற்றுச்சூழல், நிலைத்தன்மை பற்றிய பல்துறை இளங்கலைப் படிப்பில் வேதியியல், சூழலியல், பொருளாதாரம், சட்டம் என எல்லாம் உண்டு. அதனாலேயே பலர் நுனிப்புல் மேய்ந்துவிட்டு வெளியே வருகிறார்கள்.

கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் செலவிடும் ஆக்சிஜனின் அளவைக் கணக்கிடும் சோதனையையே பாருங்கள். 300 மில்லி பாட்டிலில் நீரை நிரப்பி, 20 டிகிரி செல்சியஸில், இருட்டில், 5 நாள் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜனை வெளியிடும். குமிழி சிக்கினாலும் கணக்கு தப்பும். மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது நீர்த்தலில், அதாவது கழிவுநீரில் சுத்தமான நீரைக் கலந்து செறிவைக் குறைப்பதில்தான். போதிய அளவு நீர்க்காவிட்டால் ஆக்சிஜன் 5 நாளுக்கு முன்பே தீர்ந்துபோய், மாசு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இறுதியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜனாவது மிஞ்ச வேண்டும். குறைந்தது 2 மில்லிகிராம் செலவாகியிருக்கவும் வேண்டும். இது புரியாதவர் சட்ட வரம்பைப் பற்றி எழுதும் அறிக்கையை யார் நம்புவார்?

புள்ளியியலை முதலாண்டிலேயே முடித்துவிடுங்கள். கடைசிப் பருவத்துக்குத் தள்ளினால், மாதிரி எடுக்கும் இடங்களைத் திட்டமிடத் தெரியாமல் ஆய்வேடே வீணாகும். தரவுகளை வரைபடத்தில் பொருத்தி ஆராயும் புவியியல் தகவல் முறைமை அடுத்த ஆண்டு போதும். விருப்பப் பாடங்களை மட்டும் சிதறவிடாமல், ஒரே துறையில் நான்கைந்தாக எடுப்பது நல்லது. மேற்படிப்புக்கான தகுதி பார்க்கும்போது கைகொடுப்பது அதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்