பயிர் நிற்கும் காலத்தில் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்

வடமாகாணக் கல்வித் திணைக்களத்தினருக்கும், யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும், அதிபர்களுக்கும், ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் வலிகாமத்தில் தோட்டம் செய்பவன். வெங்காயம், உருளைக்கிழங்கு, வாழை என் பயிர்கள். கல்விச் சுற்றுலா என்றும் களப்பயணம் என்றும் சொல்லி எங்கள் பகுதித் தோட்டங்களுக்குப் பாடசாலைகள் பிள்ளைகளை அழைத்து வருகின்றன. பிள்ளைகள் தோட்டத்துக்கு வருவது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பயணங்கள் நடக்கும் விதம் மனத்தை உறுத்துகிறது. பெற்றோர் காசு கட்டுகிறார்கள், ஆசிரியர்கள் அலைகிறார்கள், நாங்கள் அன்றைய வேலையை நிறுத்தி வைக்கிறோம். பிள்ளை மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் வீடு திரும்புகிறது.

என் வேண்டுகோள் இதுதான்: எங்கே எப்போது என்ன வேலை நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகு பயணத்துக்குத் திகதி வையுங்கள்.

முதலாந் தவணை விளையாட்டுப் போட்டிகளில் போய்விடுகிறது. மூன்றாந் தவணையில் பரீட்சைகள் வந்துவிடுகின்றன. இடையில் கிடைக்கும் இரண்டாந் தவணையில்தான் பெரும்பாலான பயணங்கள். ஆனியிலோ ஆடியிலோ வந்து "உருளைக்கிழங்கு எங்கே?" என்று கேட்கும் பிள்ளைக்கு நான் எதைக் காட்டுவது? எங்கள் செம்மண்ணில் அது கார்த்திகை, மார்கழியில் நடப்பட்டு மாசி, பங்குனியில் கிண்டப்படுகிறது. மாரி மழையை நம்பி விதைத்த நெல்லைத் தையில், மாசியில் வெட்டிவிடுவோம். பனம்பழம் ஆடி, ஆவணியில் விழும். அதன் விதையைப் பாத்தியில் அடுக்கினால் தையை ஒட்டிக் கிழங்கு கிண்டலாம். ஆவணியில் வந்து விதை அடுக்கிய பிள்ளைகளே தையில் திரும்பி வந்து தங்கள் கையால் கிழங்கைக் கிண்டினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே தோட்டம், ஒரே பாத்தி, இரண்டு அரை நாள். நுவரெலியாவுக்கு இரவு முழுவதும் பஸ் ஓட்டிப் போகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

இரண்டு பஸ்களில் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். வரம்பு நீளத்துக்கு வரிசையாக நிறுத்தப்படுகிறார்கள். முன்னால் நிற்கும் சிலருக்கு நான் சொல்வது கேட்கும், பின்னால் நிற்பவர்களுக்கு வெயில்தான். சற்று நேரத்தில் படம் எடுத்து முடிகிறது. நிலாவரை, கீரிமலை, காங்கேசன்துறைக் கடற்கரை என்று பட்டியல் காத்திருப்பதால் பஸ் புறப்பட்டுவிடுகிறது. ஒரு முறை ஒரு சிறுமி, விதை வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதன் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காகவாவது அன்றைய பயணத்தை நீட்டியிருக்கலாம்.

ஒரு வகுப்பு மட்டும் வரட்டும். அதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். பாதிப் பேர் நடுகையில் நிற்க, மற்றப் பாதிப் பேர் என்னோடு கிணற்றடிக்கு வரட்டும்.

கிணற்றடியில் சொல்ல நிறைய இருக்கிறது. இந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்குகிறது. அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். துலா மிதித்த காலத்தில் ஒருவனால் அவ்வளவு இறைக்க முடியாது. இப்போது மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். இதைப் புவியியல் புத்தகத்தில் ஒரு பந்தியாகப் படிப்பதும், கிணற்று விளிம்பில் நின்று வாளித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் ஒன்றா?

இன்னொன்றையும் பிள்ளைகள் எங்களிடம் கேட்க வேண்டும். ஒரு பரப்புக் காணிக்கு எவ்வளவு யூரியா போடுகிறீர்கள் என்று கேட்கட்டும். வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் நாங்கள் போடும் பசளை முழுவதையும் பயிர் எடுப்பதில்லை. மிச்சம் நைத்திரேற்றாக மாறி மண்ணைக் கடந்து அதே கிணறுகளுக்கு இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். குடாநாட்டின் பல கிணறுகள் இந்த அளவைத் தாண்டியிருக்கின்றன. உயர்தர இரசாயனவியல் மாணவர்கள் என் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய்ப் பரிசோதித்து, கிடைத்த அளவை என்னிடம் வந்து சொல்லட்டும். எனக்கு அதில் வெட்கம் இல்லை, அது எனக்கும் வேண்டிய தகவல். 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தி, அந்த ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். அந்த மாதங்களில் தோட்டங்கள் பட்ட பாட்டையும் நாங்கள் சொல்வோம். பசளை கூடினாலும் கேடு, திடீரென நின்றாலும் கேடு. இவ்விரண்டையும் ஒருசேர அறிந்த தலைமுறை நாளை விவசாயக் கொள்கை எழுத வேண்டும்.

பனையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடுவது முதல் தூளாவது வரை பார்த்த எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர், கருப்பநீர் என்ற பதநீர் பனங்கட்டியாவதைப் பார்த்திருக்கிறார்கள்? 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை இங்கே இருக்கிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசாவிட்டால் பதநீர் ஏன் கள்ளாகிறது, பூசினால் ஏன் இனிப்பாகவே நிற்கிறது என்பது நொதித்தலையும் அமில காரத்தையும் ஒருங்கே விளக்கும் பாடம். அதன் பிறகு காய்ச்சுவது, பதம் பார்ப்பது, பனையோலைக் குட்டானில் ஊற்றுவது எல்லாவற்றையும் ஒரு முற்பகலில் பார்த்துவிடலாம்.

ஆனால் அங்கே போகுமுன் ஆசிரியர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். பனையேறிப் பாளை சீவும் தொழிலாளி பேசும்போது பிள்ளைகள் தங்களுக்குள் சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும், வீட்டில் கேட்டதுதான். நாள்தோறும் காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து மரத்தின் உச்சிக்கு ஏறுபவர் அன்று பிள்ளைகளுக்கு ஆசிரியர். அவருக்குக் கதிரை போடுங்கள். ஐயா என்று அழைக்கச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் வகுப்பின் சார்பில் ஒரு பிள்ளை நன்றி சொல்லட்டும். இதைச் செய்ய மனமில்லாத பாடசாலை அவரிடம் போகவே வேண்டாம்.

தொழிற்சாலைகளும் தூரத்தில் இல்லை. அச்சுவேலியில் கைத்தொழில் பேட்டை இருக்கிறது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரக்கூடியது. பிரசாரணம் (சவ்வூடு பரவல்) என்று வகுப்பில் படிப்பதை அழுத்தத்தால் எதிர்த்திசைக்குத் திருப்பி அங்கே உப்பைப் பிரிக்கிறார்கள். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி, போரினால் 1990இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் வரலாற்றையும் பிள்ளைகள் கேட்க வேண்டும். என் கிணற்றில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் அதே சுண்ணக்கல்லைத்தான் அங்கே வெட்டிச் சுட்டார்கள். எவ்வளவு கல்லை எடுக்கலாம், எவ்வளவை நிலத்தடியில் விடவேண்டும் என்ற விவாதத்தைத் தரம் 10 பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், பெரியவர்களைவிடத் தெளிவாகப் பேசுவார்கள்.

சில நடைமுறைக் காரியங்கள். தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு இல்லை, ஆகவே கிணற்றடிக் குழுவோடு எப்போதும் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். மருந்து அடித்த தோட்டத் தறைக்குள் பிள்ளைகளை விட முடியாது. முன்கூட்டியே சொன்னால் நாங்கள் அடிப்பதைத் தள்ளி வைப்போம், முதல் நாள் மாலை தொலைபேசியில் சொன்னால் முடியாது. பெண் பிள்ளைகளுக்கு மலசலகூட வசதி உள்ள இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பனங்கட்டி காய்ச்சும் இடத்திலும் இயந்திரம் ஓடும் இடத்திலும் கூந்தலைக் கட்டி, மூடிய சப்பாத்து அணிந்திருக்க வேண்டும்.

கூலியையும் பேசிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த நிற்கும் தொழிலாளி அன்றைய அரை நாள் உழைப்பை இழக்கிறார். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் போடும்போது அவருடைய கூலியையும் அதே தாளில் எழுதுங்கள். அதைக் கேட்கச் சிலர் கூச்சப்படுகிறார்கள், அவர்களுக்காகவும் நான் கேட்கிறேன்.

வலயங்களிடம் நான் எதிர்பார்ப்பது சிறிய வேலை. உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரையும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களையும் அழைத்து ஒரு நாள் உட்காருங்கள். எந்த மாதத்தில் எந்த ஊரில் என்ன நடக்கிறது என்று ஓர் அட்டவணை எழுதி எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்புங்கள். அடுத்த ஆண்டின் பயண அனுமதிகளை அந்த அட்டவணையைப் பார்த்து வழங்குங்கள்.

இந்தக் கார்த்திகையில் என் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடுகை தொடங்கும். ஒரு வகுப்புக்கு இரண்டு பாத்திகளை ஒதுக்கி வைக்கிறேன். நடுகைக்கு வருபவர்கள் மாசியில் கிண்டவும் வரவேண்டும், கிண்டியதைப் பிள்ளைகளே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விருப்பமுள்ள பாடசாலைகள் ஐப்பசி முடிவதற்குள் எங்கள் கமக்காரர் அமைப்பின் மூலம் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
வலிகாமத்துத் தோட்டக்காரன் ஒருவன்