மைக்கா ஒட்டப்போகும் மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய படத்தை உன் அம்மா பெரிதாக்கிக் காட்டினாள். சமையலறைப் பிளைவுட் மேடை மட்டமாகத்தான் நிற்கிறது. உன் கை சோடை போகவில்லை. ஆனால் அதன்மேல் ஒட்ட வெள்ளை மைக்காத் தகடா வாங்கினாய்? நம் வீட்டு மஞ்சள்தூளுக்கு வெள்ளை தாங்குமா? போகட்டும்.

அங்கே அதை ஃபார்மிகா என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். 1912இல் அமெரிக்காவில் இரண்டு பேர், மின்சாரக் கருவிகளில் வைக்கும் மைக்கா என்ற கனிமத்துக்கு மாற்றாக இதைக் கண்டுபிடித்தார்கள். ‘ஃபார் மைக்கா’, அதாவது மைக்காவுக்குப் பதில் என்பதால்தான் அந்தப் பெயர். நாமோ மைக்கா துளியும் இல்லாத தகட்டை இன்றுவரை மைக்கா என்றே கூப்பிடுகிறோம்.

சரியான அளவுக்கு வெட்டாதே. நான்கு பக்கமும் கால் அங்குலம் கூட விட்டு, ஒட்டிய பிறகு அரத்தால் இழைத்துக்கொள். மேல்முகத்தில் கத்தியால் நாலைந்து முறை ஆழமாகக் கீறி, கீறலோரம் சட்டத்தை அழுத்திப் பிடித்து, மறுபாதியை மேலே தூக்கி ஒடி. கீழே அழுத்தினால் சில்லு பெயர்ந்துவிடும். முன்விளிம்புப் பட்டையை முதலில் ஒட்டு. மேல்தகடு அதை மூடி வந்தால்தான் தண்ணீர் இடுக்கில் இறங்காது. சிங்க் ஓட்டையின் மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூர்மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும்.

இனி பசை. ரப்பர் பசையை மேடையிலும் தகட்டின் அடிமுகத்திலும் தடவிவிட்டு, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை காத்திரு. காத்திருப்பதுதான் உனக்கு வராது. எனக்கும் வராமல்தான் இருந்தது. நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு டீக்கடைக் கல்லா மேசையில் தகட்டை அவசரமாக வைத்தேன். இரண்டு விரல் கோணல். தொட்டது தொட்டதுதான், நகரவில்லை. சுரண்டி எடுக்க ஒரு பகல் போயிற்று. புதுத் தகடு என் கைக்காசு.

அதற்குப் பிறகுதான் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் குச்சி அடுக்கத் தொடங்கினேன். உருவுவது நீ. நினைவிருக்கிறதா? ஓர் அடிக்கு ஒரு குச்சி வைத்து, அதன் மேல் தகட்டைப் பொருத்திச் சரிபார்த்துவிட்டு, நடுக்குச்சியை முதலில் உருவி, அங்கிருந்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே போ.

பசையின் நெடி தலையைச் சுற்றும், தீயும் பிடிக்கும். குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதே அம்மா. கோடை வரும்வரை பழைய மேடையில் சமைத்தால் என்ன குறைந்துவிடும்?

குச்சி உருவ மாப்பிள்ளையை நிறுத்திக்கொள். ஒட்டும் நாளில் வீடியோவில் கூப்பிடு. இங்கே நடுராத்திரியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா