சிலை செய்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். அண்மையில் ஒரு காலை, கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடும் ஏழரை மணிக்குள் முடித்துவிடும் எண்ணத்துடன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்குள்ள சிலைகளைப் பார்க்க அழைத்துச் சென்றேன். யாருடைய சிலை என்று நான் சொல்ல மாட்டேன், நீங்கள் சுற்றி வந்து பார்த்து வரைய வேண்டும் என்பது மட்டுமே பேச்சு.

காந்தி சிலையருகே போனதும் அவர்கள் காந்தியை விட்டுவிட்டுச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களிடம் ஓடினார்கள். ஒரு மாணவன் தூணின் செதுக்கு வேலையில் விரலை ஓட்டிப் பார்த்து, உப்புக் காற்று தேய்த்த இடத்தில் நிறுத்தி, "சார், தூண் பழசு, தாத்தா புதுசு" என்றான். அவை செஞ்சியிலிருந்து வந்தவை என்றும், 1750இல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது என்றும் அதன் பிறகுதான் சொன்னேன்.

முதல் உலகப் போரில் உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைக் கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. பிரெஞ்சு படிக்கும் மாணவி ஒருத்தி அங்குள்ள எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க, மற்றவர்கள் தலை குனிந்த சிப்பாயை வரைந்தார்கள். தோள்கள் எப்படித் தளர்ந்திருக்கின்றன என்பதைத் தாளில் கொண்டுவருவதற்குள் பாதி ரப்பர் தேய்ந்துவிட்டது.

தென்கோடியில் துய்ப்ளே சிலை. அவர் இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தது 1742 முதல் 1754 வரை. சிலை வைக்கப்பட்டது 1870இல். "அப்படியென்றால் யார் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் பாடத்திட்டத்தில் எழுத மறந்த கேள்வி அது. பழைய ஓவியங்களைப் பார்த்துச் செய்வது, முதலில் களிமண்ணில் வடிப்பது, பெரிய வெண்கலச் சிலைகளை உள்ளே கூடாக வார்ப்பது ஆகியவற்றைப் படிக்கட்டில் உட்கார்ந்தே விளக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை என்றதும் அவர்களுக்குச் சற்று ஏமாற்றம்தான். மறுவாரம் வகுப்பில் களிமண் கொடுத்தபோது, வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகளும் உள்ளே கூடுதானே என்று அவர்களே சொன்னார்கள்.

இவ்வளவு பார்த்தும் பிள்ளைகளின் ஒரு கேள்வி நின்றுகொண்டே இருந்தது: "சார், செய்தது யார்?" நம் ஊர்ச் சிலைகளின் பீடத்தில் தலைவரின் பெயரும், அதைவிடப் பெரிய எழுத்தில் திறந்து வைத்தவரின் பெயரும் இருக்கும். உளி பிடித்தவர், வார்ப்படம் செய்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. திறந்து வைக்க ஆகும் நேரம் கால்மணி. செய்ய ஆகும் நேரம் மாதக்கணக்கு.

ஆகவே நகரின் ஒவ்வொரு பொதுச் சிலைக்கும் அருகில், பிள்ளைகள் அண்ணாந்து பார்க்காமல் படிக்கும் உயரத்தில், சிற்பியின் பெயர், ஆண்டு, கல்லா வெண்கலமா சிமெண்டா, செதுக்கியதா வார்த்ததா என்னும் விவரங்களைத் தமிழில் எழுதிய சிறு பலகை ஒன்றை அரசு வைக்க வேண்டும். செலவு பெரிதல்ல. பள்ளிகளும் ஓவிய வகுப்பில் ஆண்டுக்கு இரண்டு பாடவேளையையாவது இத்தகைய நடைக்கு ஒதுக்கலாம். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்து நுண்கலை மாணவர்கள் உடன்வந்தால், என்னைப் போன்றவர்கள் வாயால் சொல்வதை அவர்கள் கையால் செய்து காட்டுவார்கள்.

அடுத்து பாரதி பூங்காவின் ஆயி மண்டபத்துக்குப் போகிறோம். அந்த மண்டபத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நகரின் பழைய குடிநீர் முத்திரையர்பாளையத்திலிருந்து வந்தது என்று கேட்டதிலிருந்து, அவ்வூர்ப் பிள்ளைகள் இருவர் எந்த நாள் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.