மாவுக்கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

செல்லூர் மக்களுக்கு வணக்கம்.

தை மாதத்திலிருந்து நம் கடையில் பிளாஸ்டிக் கவரில் மாவு கட்டித் தருவதில்லை. பாதிப் பேர் மறுநாளே தூக்குவாளியோடு வந்து நின்றீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் பத்து நாளாகத் தெரு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. ஒரு சில்வர் தூக்கில் பாதிக்கு மாவு இருக்கிறது. கீழே, "பாத்திரம் கொண்டுவரச் சொல்லி அளவில் அடிக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறது. ஒரே ஒரு கிரைண்டரோடு கடை போட்ட நாளிலிருந்து அளவைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூக்கு 2 லிட்டர் கொள்ளும். அதில் அப்போதுதான் ஆட்டிய மாவு 1 கிலோ ஊற்றினால் ஏறத்தாழ பாதிதான் நிற்கும். மாவு பொங்க இடம் வேண்டும் என்று நாங்களே பெரிய பாத்திரம் கொண்டுவரச் சொன்னோம். காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் அதே மாவு விளிம்பைத் தொட்டிருக்கும். படம் எடுத்தவர் விடிந்த பிறகு இன்னொரு படம் எடுத்திருக்கலாம்.

கவரில் நிறைய இருந்ததுபோல் தெரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. கவரின் வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போடும்போது உள்ளே காற்றும் சேர்ந்து அடைபடும், பை உப்பித் தெரியும். புளித்த மாவில் நுரை வேறு. கரண்டியால் மொண்டு பாத்திரத்தில் ஊற்றும்போது அந்த நுரை அடங்கிவிடும். கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், எடை குறையாது. எங்களுடையது வருடாவருடம் முத்திரை போடும் தராசு. முதலில் வெறும் பாத்திரத்தை வைத்து, எண் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகுதான் மாவை ஊற்றுகிறோம். இனிமேல் தராசின் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். சந்தேகம் வந்தால் அங்கேயே கேளுங்கள், இரண்டாம் முறை எடை போட்டுக் காட்டுகிறோம்.

கவர்க் காசை மிச்சம் பிடிக்கிறோம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு கவர் ஒரு ரூபாய்கூட ஆகாது. உங்களுக்கு இரவல் தர வாங்கி வைத்திருக்கும் தூக்குகளின் விலைக்கு இரண்டு மூன்று வருடக் கவர் வாங்கியிருக்கலாம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை. கடையில் பொருள் போட்டுத் தரும் பிளாஸ்டிக் பையும் அதில் ஒன்று. சட்டம் வந்த பிறகும் கல்லாவுக்குக் கீழே கவர்க்கட்டு வைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. நடுவில் துணிப்பை என்று நம்பி வண்ணப் பைகள் வாங்கினேன். பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அதுவும் பிளாஸ்டிக் இழைதான், அதே பட்டியலில் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

என் மனசை மாற்றியது 2024 அக்டோபர் மழை. பந்தல்குடி கால்வாய்த் தண்ணீர் நம் தெருக்களுக்குள் வந்ததே, அந்த மழை. கவரால்தான் வெள்ளம் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வடிந்த பிறகு எங்கள் வாசல் சாக்கடையிலிருந்து அள்ளிப் போட்ட குப்பையில், ரப்பர் பேண்ட் போட்ட முடிச்சோடு மாவுக் கவர்கள் கிடந்தன. அந்த முடிச்சு என் கை போட்டது.

மாவுக் கவரில் ஒரு கூடுதல் கெடுதல் உண்டு. மாவு ஒட்டிய கவரைப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர்கள் தொட மாட்டார்கள். அது சாக்கடைக்குப் போகும், இல்லையென்றால் குப்பையோடு எரிந்து புகையாகும். புளித்த வாசனைக்கு மாடுகள் வந்து கவரோடு விழுங்கும், அது வயிற்றில் செரிக்காமல் தங்கிவிடும். நம் கடையிலிருந்து மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கவர் போனது. வருடத்துக்கு 40,000-க்கு மேல். ஒரு சின்னக் கடைக்கே இவ்வளவு என்றால், மதுரையில் தெருவுக்குத் தெரு மாவுக்கடை இருக்கிறது, நீங்களே யோசியுங்கள்.

ஒரு தவறு எங்கள் பக்கம் நடந்தது. பாத்திரம் இல்லை என்று ஒரு வயதான அம்மாவைக் கடைப் பையன் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டான். நான் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் கேட்கிறேன். இனி யாரையும் அப்படி அனுப்ப மாட்டோம். மறந்து வந்தால் 100 ரூபாய் முன்பணம் கட்டிக் கடைத் தூக்கில் வாங்கிப் போகலாம், தூக்கு வந்ததும் பணம் திரும்பக் கிடைக்கும்.

உளுந்து விலை ஏறியதால் அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து கிலோ 50 ரூபாய். கடை இரவு 8 மணி வரை.

மழையிலும் தூக்கோடு வந்தவர்களுக்கும், "நான் தினமும் வாங்குறேன், அளவு சரியாத்தான் இருக்கு" என்று அந்தக் குழுவிலேயே எனக்காகப் பேசியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடைத் தூக்கைத் தேய்த்துத் தர வேண்டாம், அலசிக் கொடுத்தால் போதும். வெந்நீரில் நாங்கள் கழுவிக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மாவுக்கடை அக்கா