குழி வீடும் குத்யாவும்

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நேற்று அக்காவும் மாப்பிள்ளையும் என்னை எட்மண்டனுக்குக் கிழக்கே இருக்கும் உக்ரைன் பாரம்பரியக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். சுற்றுப்பக்கத்து ஊர்களில் இருந்த பழைய வீடுகளையும் தேவாலயங்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் அந்தக் காலத்து மனிதர்களாகவே பேசுகிறார்கள். நான் கைப்பேசியை நீட்டியதும், தலையில் துணி கட்டிய ஒரு பெண் "இது என்ன பெட்டி?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மனதில் நின்றது 'புர்டெய்'தான். தரையைத் தோண்டி, மேலே மரக்கம்பும் புல்லோடு வெட்டிய மண்ணும் போட்டு மூடிய குழி வீடு. 1891-இல் மேற்கு உக்ரைனிலிருந்து இரண்டு பேர் கனடாவுக்கு நிலம் பார்க்க வந்தார்கள். அப்புறம் ஊர் ஊராகக் கிளம்பி வந்துவிட்டார்கள். அப்போது 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் நிலம். ஆனால் காட்டை நாமே வெட்டித் திருத்த வேண்டும். சரியான வீடு கட்டும்வரை, இந்த ஊர்க் குளிரில், பிள்ளைகுட்டிகளோடு அந்தக் குழியில்தான். டொரண்டோவில் உன் பேஸ்மென்ட்டில் வெளிச்சமே இல்லை என்று நீ புலம்பியது ஞாபகம் வந்தது. குத்திக்காட்டவில்லை, ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பிட உட்காருவார்களாம். பன்னிரண்டு வகை, ஒன்றிலும் கறி கிடையாது, பால் வெண்ணெய்கூடக் கிடையாது. முதலில் குத்யா: முழுக் கோதுமையை வேகவைத்து, தேனும் அரைத்த கசகசாவும் சேர்த்தது. செத்துப்போனவர்களுக்கும் மேசையில் ஒரு இடம் வைப்பார்கள். அமாவாசைக்கு இலை போடும் உன் அப்பத்தா இருந்திருந்தால் அந்தப் பெண்ணோடு மணிக்கணக்கில் பேசியிருப்பார்.

பீட்ரூட் போட்ட போர்ஷ் சூப், நம் மீன்குழம்பு மாதிரி மறுநாள்தான் ருசி. உக்ரைனில் அதைச் சமைக்கும் வழக்கத்தை 2022-இல், போருக்கு நடுவில், அவசரமாகக் காக்க வேண்டிய மரபு என்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டிய ஹோலுப்சி எனக்குச் சப்பென்று இருந்தது. மாப்பிள்ளை நான்கு சாப்பிட்டார்.

உனக்குப் பிடிக்கப்போவது வரேனிகி. இங்கே பைரோகி என்கிறார்கள். மைதா மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து மடித்தது. அங்கே கடையில் உறைந்த பாக்கெட்டாகக் கிடைக்கும். உருக வைக்காமல் அப்படியே கொதிக்கும் தண்ணீரில் போடு. மிதந்து வந்தபின் இரண்டு நிமிஷம் விட்டு எடு. வெங்காயத்தை வெண்ணெயில் சிவக்க வதக்கிக் கொட்டி, பக்கத்தில் புளிப்பு க்ரீம் வைத்துக்கொள். மிளகாய்த்தூளைத் தொடாதே, முதல் தடவையாவது.

அம்மா