கைக்கு எட்டும் வீடு

அன்புள்ள மகனுக்கு,

புது வீட்டின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மேலே ஒரு மாடியும் எழுப்பிவிடலாம், ஏற முடியாத காலம் வந்தால் லிஃப்ட் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். எங்கள் மேல் உள்ள அக்கறையால்தான் அப்படிச் சொல்கிறாய் என்று தெரியும். ஆனாலும் நானும் அப்பாவும் பல நாள் பேசி, ஒரே தளம், இரண்டே அறைகள் என்று முடிவு செய்திருக்கிறோம். காரணத்தை விளக்கினால் நீயும் ஏற்றுக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

இப்போதுள்ள வீட்டில், படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில், சுவரில் நீளமாக ஒரு அழுக்குக் கோடு படிந்திருக்கிறது. இரவில் எழுந்து போகும்போது அப்பா கையை ஊன்றி நடந்த தடம் அது. போன வாரம் அதைத் துடைக்கத் துணியோடு போன நான், துடைக்காமல் அளவுநாடாவை எடுத்து வந்து தரையிலிருந்து அளந்தேன். 88 சென்டிமீட்டர் இருந்தது. புது வீட்டின் கைப்பிடிக் கம்பி அந்த உயரத்தில்தான் வரப்போகிறது. கழிப்பறையிலும் குளிக்கும் இடத்திலும் கம்பியை இப்போதே பொருத்தாவிட்டாலும், பின்னால் சுவரில் பதித்த ஓடுகளை உடைக்காமல் மாட்டிக்கொள்ளும்படியும் ஓர் ஆளின் எடையைத் தாங்கும்படியும் சுவரைத் திடமாகக் கட்டச் சொல்லியிருக்கிறோம்.

கதவுகள் 90 சென்டிமீட்டர் அகலம்; குளியலறைக்குள் சக்கர நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டம்; எங்கும் நிலைப்படி இல்லை. வீடு தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயர்கிறது. 1க்கு 12 என்ற சரிவே, அதாவது 1 மீட்டர் உயர 12 மீட்டர் நீளப் பாதையே, போதும் என்பார்கள். ஆனால் நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு அதில் மூச்சு வாங்கும் என்பதால் 1க்கு 20 வைத்து, 9 மீட்டர் நீளப் பாதையாகச் செடிகளின் ஓரமாகவே வாசல்வரை கொண்டுபோகிறோம். குழாய்கள் எல்லாம் தட்டித் திறப்பவை. என் மணிக்கட்டுக்குத் திருகு குழாய் இப்போதே ஒத்துவருவதில்லை.

எனக்கு அதிகக் கவலை வெப்பத்தைப் பற்றித்தான். வயது ஏற ஏற உடல் வியர்ப்பது குறைகிறது, தாகமும் சரியாகத் தெரிவதில்லை. 2003-ஆம் ஆண்டு கோடையில் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். குளிரூட்டியை மட்டுமே நம்பிக் கட்டிய வீடு, மின்சாரம் நின்றால் எங்களைக் கைவிட்டுவிடும். ஆகவே மின்சாரம் இல்லாத நாளிலும் உள்ளே இருக்க முடிகிற வீடாக அது இருக்க வேண்டும் என்று பொறியாளரிடம் முதலிலேயே சொன்னோம். மாலை வெயில் தாக்கும் மேற்குப் பக்கத்தில் குளியலறையும் சாமான் அறையும் வருகின்றன. கூரைக்கு வெப்பம் தடுக்கும் அடுக்கும் அதன்மேல் வெள்ளைப் பூச்சும் உண்டு. ஒவ்வொரு அறையிலும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி எதிரெதிரே சன்னல்கள் இருக்கும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதில் கிடைத்த ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறதாம். எனவே பகல் வெளிச்சம் நன்றாக வருவது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கு மட்டுமன்று, தடுக்கி விழாமல் இருப்பதற்கும்தான்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு அப்பா மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறியபோது ஏணியின் கால் நழுவியது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டதால் தப்பித்தார். அன்றிரவு இருவருக்கும் தூக்கம் வரவில்லை. தரையில் நின்றபடி கைக்கு எட்டாத எதுவும் நம் புது வீட்டில் வேண்டாம் என்று அன்றுதான் தீர்மானித்தோம். சூரியத் தகடுகளை வீட்டுக் கூரையில் வைக்காமல், வண்டி நிறுத்தும் கொட்டகையின் தாழ்ந்த கூரையில் வைக்கிறோம். நீளக் கம்புத் துடைப்பானால் கீழிருந்தே தூசியைத் துடைத்துவிடலாம். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தாலே 100 லிட்டர் தண்ணீர் என்பதால், மழைநீரைக் கட்டாயம் சேமிக்கப் போகிறோம். அதன் வடிகட்டியும் இடுப்புயரத்தில்தான் இருக்கும். யாராலும் பராமரிக்க முடியாமல் போனால், எவ்வளவு நல்ல ஏற்பாடும் இரண்டே ஆண்டில் துருப்பிடித்துக் கிடக்கும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

மாடி வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. ஆண்டில் சில நாட்களே திறக்கப்படும் அறைகளுக்காக அதைக் கொட்ட மனம் வரவில்லை. நீ வரும்போது தங்க இரண்டாவது அறை இருக்கிறது. பின்னாளில் எங்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வர நேர்ந்தால் அவருக்கும் அதுவே.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு கதவு வைத்தால், இரவில் கூப்பிட்டால் கேட்கும் என்கிறார் அப்பா. தங்குகிறவருக்குத் தனிமை வேண்டாமா என்று நான் தயங்குகிறேன். சுவர் எழும்புவதற்குள் நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
அம்மா